வெள்ளைக்கு இரண்டு அர்த்தம்

காகிதத்தின் நுனி நனைந்துவிட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து நிமிஷம் என்று காலேஜ் பிள்ளை சுகிர்தா சொல்லிக்கொடுத்திருந்தாள், ஆனால் அமலோற்பவத்திடம் கைக்கடிகாரம் கிடையாது, மீன் கையோடு செல்போனைத் தொட முடியாது, அதனால் அவளுக்கு ஐந்து நிமிஷம் என்பது ஜெபமாலையில் பத்து மணி, விரல் கணுக்களில் எண்ணி, வாய்க்குள்ளேயே, அவசரப்படாமல். அருள் நிறைந்த மரியே. முதல் கணு. ஈரம் காகிதத்தில் ஊர்ந்து மேலே ஏறுகிறது, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, நடுவில் இருக்கிற சின்ன வட்டத்தைத் தொடப் போகிறது. வட்டம் வெள்ளையாகவே இருந்தால் மீன் நல்ல மீன். நீலமாகிவிட்டால் பழைய மீன். அவ்வளவுதான், எழுத்துத் தெரியாதவளுக்கும் புரியும். எதிரே செல்வக்கனி குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தார்ப்பாய் நிழல் அவளுக்கு எட்டவில்லை, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாரையும் தாண்டி இவளிடம் வந்து நிற்கிறாள், எப்போதும் அப்படித்தான், தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாக இவளிடம் மட்டும்தான் மீன். மகள் முத்தரசி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நிறைமாசம், சீலா மீன் குழம்பு கேட்கிறாளாம், வேறு எதைக் கண்டாலும் குமட்டுகிறதாம். நேற்று முன்தினமே சொல்லிவைத்துவிட்டாள். சொன்ன நேரம் பார்த்துக் கரையில் சீலா இல்லை. ஏலத்தில் சூடையும் நகரையும் ஊளியும்தான் கொட்டிக் கிடந்தன, கடைசியில் ஐஸ் பெட்டி வியாபாரியிடம் ஒன்று, ஒரே ஒன்று, முழங்கை நீளத்துக்கு. எந்தக் கரையில் ஏறியது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது, யாருக்குத் தெரியும். இந்தா, பலகையில் கிடக்கிறது. கண் தெளிவாகத்தான் இருக்கிறது, செவுள் சிவப்பாகத்தான் இருக்கிறது, அமுக்கினால் சதை எழும்பி வருகிறது. ஐஸில் கிடந்த மீனுக்குக் கண்ணும் செவுளும் பொய் சொல்லும். மூக்கிடம்தான் பொய் சொல்ல முடியாது. “ஏட்டி அமலி, மோந்து பாத்தியா?” என்கிறாள் செல்வக்கனி. “பாத்தேன் யக்கா.” “பெறகு என்னத்துக்குக் காயிதத்த வச்சுக்கிட்டு? வெட்டிக் குடு.” “காலேஜ்ல இருந்து குடுத்தது யக்கா, ஒரு பரிச்சை. இருங்க, இந்தா ஆயிட்டு.” மூன்றாவது கணு. இல்லை, நான்காவதா? பேசியதில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மூன்று என்றே வைத்துக்கொள்வோம்.

மோந்து பார்த்தேன் என்பது பொய் இல்லை. செவுளைத் தூக்கி மூக்குக்கிட்டே கொண்டுபோய் மூச்சை இழுத்து, கண்ணை லேசாக மூடி, தலையை ஆட்டுகிறாள், எல்லாம் பழையபடிதான், உள்ளே மட்டும் ஒன்றும் வருவதில்லை. தண்ணீரை மோந்த மாதிரி. கண்ணாடியை மோந்த மாதிரி. கொரோனா ரெண்டாவது அலை என்று டி.வி.யில் சொன்னார்களே, அந்த வருஷம், ஒரு காலையில், கரையில் நின்று ஒரு பாறை மீனின் செவுளைத் தூக்கினாள், ஒன்றும் இல்லை. மூக்கடைப்பு என்று நினைத்தாள். சுக்குத் தட்டிப் போட்டுக் குடித்தாள். மூக்கில் சளியும் இல்லை, தும்மலும் இல்லை, வாசனை மட்டும் இல்லை, யாரோ வீட்டுக்குள் வந்து ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்துப் போன மாதிரி. எல்லாருக்கும் போனது எல்லாருக்கும் திரும்பி வந்தது, இவளுக்கு வரவில்லை. மீன்காரிக்கு மூக்குப் போய்விட்டது என்றால் யார் வாங்குவார்கள்? சொல்லவில்லை. பக்கத்துக் கூடைக்காரிகளின் முகத்தைப் பார்த்து, அவர்கள் எதை ஒதுக்குகிறார்களோ அதை ஒதுக்கி, கையால் அமுக்கிப் பார்த்து, பயந்து பயந்து, சந்தேகம் வந்ததை எல்லாம் பூனைக்குப் போட்டு, அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள். அப்புறம்தான் சுகிர்தா வந்தாள், மெலிந்த பெண், நாசரேத் பக்கத்து ஊர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சின்னக் குளிர்பெட்டி. மீன்காரிகள் மோந்து பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும், அதையும் காகிதம் சொல்வதையும் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டுமாம், அது அவள் படிப்பு. அமலோற்பவம் என்ன செய்தாள்? காகிதத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அதற்கு ஏற்றபடி சொன்னாள். ஒரு மாசம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். “அம்மா, மத்தவங்க எல்லாருக்கும் என் காகிதத்துக்கும் அங்கங்க ஒத்துப்போகல. உங்களுக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தப்பல. என் காகிதம் அவ்வளவு நல்லா வேலை செய்யாதும்மா.” அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்தாவது கணு. யாரிடமும் சொல்லாததை அந்தப் பிள்ளையிடம் சொன்னாள், பிள்ளையும் யாரிடமும் சொல்லவில்லை, இவள் கொடுத்த பதில்களை மட்டும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அதற்கப்புறம் வரும்போதெல்லாம் ஒரு வெள்ளித்தாள் பொட்டலம். சதையில் துளி கிள்ளி, இந்தக் குப்பியில் இருக்கிற தண்ணீரில் நசுக்கி, நுனியை வையுங்கம்மா. இதுக்குள்ள என்ன இருக்கு பிள்ள? நொதிம்மா. நொதின்னா? மாவு நொதிக்குமே, அது மாதிரியா? கிட்டத்தட்ட. நொதிங்கிறது ஒரு வேலையாள்னு வச்சுக்குங்க, ஒரே ஒரு வேலைதான் தெரியும், ஆனா அதை அவ்வளவு சுத்தமாச் செய்யும். மீன் செத்த பிறகு அது சதையில ஒரு பொருள் நாளாக ஆக ஊறிக்கிட்டே வரும், இந்த நொதி அதை மட்டும் தேடிப் பிடிச்சுத் தின்னும், தின்னும்போது பக்கத்தில் இருக்கிற சாயம் நீலமாகும். பசும்பால்ல இருந்து எடுத்ததும்மா. பாலா! பாலும் மீனும் சேரக்கூடாதும்பாங்க, இங்க பாரு, பால் வந்து மீனைக் காட்டிக் குடுக்குது. ரெண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது சுகிர்தா மங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். கடைசியாகக் கொடுத்த பொட்டலத்தில் மிஞ்சியது இரண்டு காகிதம். ஒன்று இதோ நனைகிறது.

வட்டத்தை ஈரம் தொட்டுவிட்டது. வெள்ளை. ஈர வெள்ளை. எட்டாவது கணு, ஒன்பதாவது, பத்து. வெள்ளைதான். அப்பாடா என்று மனசு எழுந்து, அரிவாள்மணைக்குக் கை போய், அங்கேயே நின்றுவிட்டது. நேற்று. நேற்று மத்தியானம் தலைவலியோடு வீட்டுக்குப் போனவள் பையை எங்கே வைத்தாள்? அடுப்படிப் பலகையில். தகரக் கூரைக்கு நேர் கீழே. எப்போதும் பொட்டலத்தை எடுத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுவாள், நேற்று வைக்கவில்லை, படுத்தவள் படுத்தபடி தூங்கிப்போனாள், காலையில் பையைத் தூக்கும்போதும் பொட்டலம் வெதுவெதுவென்றே இருந்தது, ராத்திரி முழுக்க அடங்காத சூடு, கத்திரி வெயில் அல்லவா. வெயில் காட்டாதீங்கம்மா, நொதி செத்துப்போகும். செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும் பிள்ள? தெரியாதும்மா, அதுதான் கஷ்டம். செத்தாலும் காகிதம் வெள்ளையாத்தான் இருக்கும். மீன் நல்லா இருந்தாலும் வெள்ளை, நொதி செத்திருந்தாலும் வெள்ளை. வெள்ளைக்கு ரெண்டு அர்த்தம். வெள்ளைக்கு ரெண்டு அர்த்தம் என்று அந்தப் பிள்ளை ஏதோ பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டது, இவள் அன்றைக்கு ராத்திரி அதை நினைத்துத் தூங்கவே இல்லை. ஏனென்றால் அந்த ரெண்டாவது அலையில் அவள் புருஷன் தொபியாஸ் ஆஸ்பத்திரியில் இருந்து போன் பண்ணினபோதும் இப்படித்தான். உள்ளே யாரையும் விடவில்லை, போன் மட்டும்தான். எப்படி இருக்கீங்க? ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குதா? ஒண்ணுமில்ல புள்ள. சாப்பிட்டீங்களா? உம். வேற? வேற ஒண்ணுமில்ல, நீ படு. மறுநாளும் அதே ஒண்ணுமில்ல. ஒன்றுமில்லாதவனும் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வான், எல்லாம் முடியப்போகிறவனும் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வான், இவள் நல்ல அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பாத்திரம் கழுவினாளே! போய் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து கிடந்திருக்க வேண்டாமா, ஒரு நர்ஸின் காலைப் பிடித்திருக்க வேண்டாமா, அவர் எப்பவும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவார், நம்பாதீங்க, போய்ப் பாருங்கன்னு கத்தியிருக்க வேண்டாமா? கல்யாணம் முடிந்த நாளில் இருந்து அந்த மனுஷன் ஒண்ணுமில்ல தவிர வேறு சொன்னது உண்டா? விரல் இன்ஜினில் மாட்டி நகம் பிய்ந்து ரத்தம் சொட்டச் சொட்ட வந்தபோதும் ஒண்ணுமில்ல. “ஏட்டி, என்ன கனா காணுத? பிள்ள பசியோட இருக்கா.” செல்வக்கனி குடையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றுகிறாள். முத்தரசியின் வயிறு. இந்தக் கையால் அவள் பள்ளிக்கூடம் போகும்போது கழுவின இறாலைச் சுருட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்த வயிற்றுக்குள் ஒரு உயிர், அதற்கு மேல் இந்த மீன். “இன்னும் ஒரே ஒரு பரிச்சை யக்கா. நீங்க வேணா உள்ள வந்து நிழல்ல உக்காருங்க.”

சுகிர்தா ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருந்தாள். சந்தேகம் வந்தால், நிச்சயமாகக் கெட்டது என்று தெரிந்த ஒன்றில் இன்னொரு காகிதத்தை வையுங்கம்மா, அது நீலமானால் நொதி உயிரோடு இருக்கு. பூனைக்கென்று வைத்திருந்த சட்டியில் நேற்றைய செவுள் கிடந்தது, ஈ மொய்த்துக்கொண்டு. அதைக் கிள்ளி நசுக்கிக் கடைசிக் காகிதத்தை வைத்தாள். ஈ மொய்க்கிறதைப் பார்த்துத்தான் அது நாறுகிறது என்று தெரிய வேண்டியிருக்கிறது. அருள் நிறைந்த மரியே. நீலமாகு. நீலமாகிவிடு. கெட்டது கெட்டது என்று சொல்லிவிடு, அப்போதுதான் நல்லதை நம்ப முடியும். இரண்டாவது கணு. இந்த மூக்கு இருந்த காலத்தில் அதை வைத்து என்ன செய்தாள்? ஊரான் வீட்டுக்கு நல்ல மீன் பார்த்தாள், சரி. வீட்டில் என்ன செய்தாள்? தொபியாஸ் போட் மெக்கானிக், வாசலுக்கு வந்தாலே டீசல், கிரீஸ், பீடி. நில்லுங்க அங்கேயே, சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு உள்ள வாங்க, எனக்குக் குமட்டுது. பைப்படியில் நின்று துணி சோப்பை எடுத்துக் கையிலும் கழுத்திலும் தேய்ப்பான், மழையாக இருந்தாலும் சரி, மார்கழியாக இருந்தாலும் சரி, தேய்த்துவிட்டு, இப்ப வரலாமா என்று கேட்பான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான். இருபத்தெட்டு வருஷம் ஒரு மனுஷனைத் தன் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்க வைத்திருக்கிறாள். இவள் மீன் கூடையைச் சுமந்துகொண்டு வந்து அதே பாயில் படுத்தாளே, மீன் தண்ணீர் முடியில் இருந்து முதுகு வரை ஒழுகின நாளில்கூட, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் மூக்கைச் சுளித்தது உண்டா? அவனுக்கும் மூக்கு இருந்ததுதானே. நான்காவது கணு. ஒரு நாள், சுகிர்தா நிறையக் காகிதம் கொடுத்திருந்த சமயம், கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்து அவன் சட்டையை எடுத்தாள். துவைக்காத சட்டை, அது ஒன்றுதான் துவைக்காமல் தப்பியது. காலர் ஓரத்தை ரெண்டு சொட்டுத் தண்ணீரில் பிழிந்து காகிதத்தை வைத்தாள். பைத்தியக்காரி. பத்து மணி சொன்னாள், இன்னொரு பத்து மணி சொன்னாள். அதற்கு எப்படித் தெரியும், ஒரே ஒரு பொருள்தானே தெரியும், மற்ற எதை முன்னால் வைத்தாலும் சும்மா இருக்கும். சுகிர்தாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள், மனுஷ வாசனைக்கு ஒரு காயிதம் செய்ய முடியுமா பிள்ள? சிரிக்கத் தொடங்கின பெண் இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அப்படி ஒண்ணு இன்னும் இல்லம்மா, என்றாள். ஏழாவது கணுவா? ஈரம் வட்டத்தைத் தொட்டாகிவிட்டது. நிறம் வரவில்லை. இரண்டு கூடை தள்ளி ரொசாலி ஊளியைத் துண்டு போடுகிற சத்தம், டக், டக், அந்த வெட்டைக் கேட்டாலே அடையாளம் தெரியும், அண்ணனைப் போலவே இடது கை. தொபியாஸின் ஒரே தங்கை. கல்லறைத்தோட்டத்து வாசலில், பெட்டிக்குக் கிட்டே போகவிடாமல் எல்லாரையும் தள்ளி நிறுத்தியிருந்தபோது, அவ்வளவு பேர் முன்னால் இவளைப் பார்த்துச் சொன்னாள்: “ஊரெல்லாம் சுத்தி மீன் வித்து நீதான் கொண்டாந்து குடுத்த. எங்கண்ணன நீதான் கொன்னுட்ட.” அதற்கப்புறம் பேச்சில்லை. ஒரே வரிசையில், ஒரே தார்ப்பாய்க்குக் கீழே, நாலு வருஷமாகப் பேச்சில்லை. மற்ற பெண்கள் எல்லாம் ரொசாலியைத் திட்டினார்கள், துக்கத்தில் சொல்லிட்டா, மனசில வைக்காத என்றார்கள். அமலோற்பவம் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. என்ன சொல்வாள்? அவனுக்குக் காய்ச்சல் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் இவளுக்கு மூக்குப் போயிருந்ததே. தெரிந்தும் சுக்கைத் தட்டிக் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாளே. ரொசாலி ஆத்திரத்தில் சொன்னதை இவள் ஒவ்வொரு ராத்திரியும் நிதானமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்தாவது கணு. இன்னும் ஐந்து. இன்னும் ஐந்து. அழுகின செவுளில் வைத்த காகிதம் பலகையில் கிடக்கிறது, மற்றதுக்குப் பக்கத்தில், இரண்டும் ஒன்றுபோல, கழுவின வேட்டி மாதிரி, வெள்ளை.

ஆக, செத்துவிட்டது. ஒன்றும் தெரியாது. கையில் ஒன்றும் இல்லை. மீன் நல்லதாக இருக்கலாம், பத்துக்கு எட்டு நல்லதாகத்தான் இருக்கும், நேற்று வரை எத்தனையோ பேருக்குக் கையை நம்பிக் கொடுக்கவில்லையா. வெட்டிக் கொடுத்துவிடலாம். மஞ்சள் போட்டு நல்லா வேக வைங்க யக்கா என்று சொல்லலாம். இல்லையென்றால் இன்றைக்கு வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் அனுப்பலாம், செல்வக்கனி முகம் சுருங்கும், காலையில் இருந்து அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி காத்திருக்கிறாள். இடது பக்கத்துக்காரி இன்றைக்கு வரவில்லை, அந்தப் பக்கம் நண்டுக்காரி வியாபாரத்தில் இருக்கிறாள், சுற்றிலும் கூட்டம். இந்த வரிசையில் மூக்கென்று சொன்னால் ஒரே மூக்குத்தான், ரொசாலி மூக்கு. அப்பா கரை வியாபாரி, நடக்கப் பழகின நாளில் இருந்து ஏலத்தில் நின்றவள். போய் என்ன சொல்வது? மோந்து பார்த்துச் சொல்லு என்றால், ஏன், உனக்கு என்ன ஆச்சு என்பாள். என்ன ஆச்சு என்று சொன்னால், எப்போது ஆச்சு என்பாள். எப்போது என்று சொன்னால். அமலோற்பவம் இரண்டு கையாலும் சீலாவைத் தூக்கினாள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி, அவளே எதிர்பார்க்காமல் எழுந்து நடந்தாள். “எங்கட்டி போற?” என்றாள் செல்வக்கனி. ரொசாலி வெட்டிக்கொண்டிருந்தவள் நிழல் விழுவதைப் பார்த்து நிமிர்ந்தாள். அரிவாள் பாதியில் நின்றது.

“ரொசாலி. இதக் கொஞ்சம் மோந்து பாரு.”

பக்கத்தில் இருந்த நண்டுக்காரி வாயைப் பிளந்தாள். ரொசாலி மீனைப் பார்த்தாள், மதினி முகத்தைப் பார்த்தாள். “ஏன், உனக்கு மூக்கில்லையா?” என்று கேட்டாள், குத்தலாகத்தான்.

“இல்ல,” என்றாள் அமலோற்பவம். “போயிட்டு. நாலு வருஷமா இல்ல. உங்கண்ணனுக்குக் காய்ச்சல் வாறதுக்கு முன்னாலயே போயிட்டு. எனக்குத்தான் முதல்ல வந்திச்சு. நீ அன்னைக்குச் சொன்னது சரிதான், நான்தான் கொண்டாந்தேன். கனியக்கா மக நிறைமாசமா இருக்கா. இது நல்ல மீனான்னு மட்டும் சொல்லு.”

ரொசாலி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள், மெதுவாக, விரல் விரலாக. மீனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். செவுளைத் தூக்கி, முகம் குனிந்து, ஒரு இழுப்பு. அப்புறம் வயிற்றுப் பக்கம் திருப்பி இன்னொரு இழுப்பு, நீளமாக. அமலோற்பவம் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் லேசாக ஒரு பக்கம் கோணியது. “குடுக்காத,” என்றாள். “வயிறு போயிட்டு. ஐஸ்ல வச்சு மறைச்சிருக்கானுவ.” சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டாள், இவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு நொடி அமலோற்பவத்துக்குள் அந்தக் கெட்ட எண்ணம் எழுந்தது. பழியைத் தீர்க்கிறாளோ? என் ஒரே பெரிய மீன், என் ஒரே பெரிய வீட்டு வாடிக்கை, ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டாளோ? இவள் சொல்வதற்கும் இரண்டு அர்த்தம் இருக்கலாமே. இதைச் சரிபார்க்க இன்னொரு காகிதம் கிடையாது, இன்னொரு மூக்கு கிடையாது. நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். ஒரு தடவை நம்பி மோசம் போனவள், இந்தத் தடவை எந்த அர்த்தத்தை எடுப்பது? எடுக்க நேரமில்லை, கால் திரும்பி நடந்துவிட்டது. “யக்கா, இந்த மீன் வேண்டாம். கெட்டுப்போயிருக்கு.” “என்னட்டி சொல்லுத? இப்பத்தான மோந்து பாத்தேன்ன?” “எனக்கு மோப்பம் கெடையாது யக்கா. கொரோனாவில போனது வரவேயில்ல. இவ்வளவு நாளும் கையால அமுக்கிப் பாத்தும் காயிதத்தப் பாத்தும்தான் குடுத்தேன். இனி நீங்க எங்கிட்ட வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி.” செல்வக்கனி குடையை மடக்கினாள். எதற்கு மடக்கினாள் என்று அவளுக்கே தெரியாத மாதிரி மறுபடியும் விரித்தாள். கோபமா, வருத்தமா, அந்த முகத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா,” என்றாள். பிறகு, “வெறுங்கையோட போனா அவ அழுவா,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ரொசாலியின் கூடையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், ஒன்றும் வாங்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். நாளைக்கு வருவாளா? வரமாட்டாள். வந்தாலும் வரலாம். அமலோற்பவம் உட்கார்ந்தாள். சீலாவைப் பூனைச் சட்டிக்குள் திணிக்கப் பார்த்தாள், வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நாலு வருஷம் அடைகாத்ததை நாலு வார்த்தையில் உடைத்தாகிவிட்டது, உடைந்தால் ஏதாவது லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஒன்றும் லேசாகவில்லை, வெயில்தான் ஏறியிருந்தது.

அந்த வெட்டுச் சத்தம் நின்றுபோயிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். ரொசாலி எழுந்து வந்து கூடைக்குப் பக்கத்தில், செல்வக்கனி நின்ற இடத்தில், குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“மதினி.”

அந்த வார்த்தை காதில் விழுந்து எவ்வளவு காலம்.

“அண்ணனுக்கு அதுக்கு முன்னாலயே இருந்திச்சு,” என்றாள் ரொசாலி, தரையைப் பார்த்துக்கொண்டு. “எங்க வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வந்தான். ஊறுகாயத் தொட்டுத் தொட்டு நக்குதான், உப்பே இல்லங்கான். ரெண்டாவது தடவையும் உப்பு அள்ளிப் போட்டான். நாக்குச் செத்துப்போச்சு பாப்பா, மதினிகிட்டச் சொல்லாத, சொன்னா அவ யாவாரத்துக்குப் போமாட்டா, என்னையும் வேலைக்கு விடமாட்டாள்னான். நீ சொல்லுதியே, மூக்குப் போன நாளு, அதுக்கெல்லாம் முன்னால. நான் சொல்லல மதினி. அன்னைக்கே உங்கிட்ட ஓடி வந்து சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப. நான்தான் சொல்லல. கல்லறைத் தோட்டத்துல வச்சு யார்மேலயாவது போடணும் போல இருந்திச்சு.”

அமலோற்பவத்துக்குக் கை எழுந்தது. அறையவா, கட்டிக்கொள்ளவா, இரண்டும் ஒரே கைதான். இத்தனை ராத்திரி! இத்தனை ராத்திரி மேற்கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு யாரிடம் மன்னிப்புக் கேட்டாள், எதற்குக் கேட்டாள், அதை எல்லாம் யார் திருப்பித் தருவார்கள்? ஆனால் கோபம் ஏறி வரும்போதே வேறு ஒன்று குறுக்கே வந்து நின்றது, அந்தச் சாப்பாட்டு நேரம். அந்த வாரத்தில் ஒரு நாள் சாளைக் குழம்பு வைத்தாள். தாளிக்கிற வாசனை வரவில்லை, கருகுகிறதா பொங்குகிறதா தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்து இறக்கினாள். அவனுக்குத் தெரியக்கூடாது என்று வாசனை பிடித்துச் சிரித்தாள். அவன் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்து, நல்லாருக்கு புள்ள, என்றான். இன்னும் கொஞ்சம் ஊத்து என்றான். வாசனை தெரியாதவள் வைத்த குழம்பை ருசி தெரியாதவன் நல்லாருக்கு என்று சொல்லித் தின்றிருக்கிறான். ஒரே விளக்குக்குக் கீழே, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இவள் வருத்தப்படக்கூடாதென்று அவனும் அவன் பயப்படக்கூடாதென்று இவளும். யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு வாய், உண்மையைச் சொல்லியிருந்தால். அன்றைக்கு அந்தக் குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்று இனி சொல்ல இந்த உலகத்தில் ஆளில்லை.

ரொசாலி அழுதுகொண்டிருந்தாள், சத்தம் வராமல், மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து. அமலோற்பவத்தின் கை அவள் தோளுக்குப் போகாமலும் திரும்பி வராமலும் நடுவில் நின்றது. அங்கே அவளுடைய கூடையில் ஊளித் துண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

“வெயில் ஏறுது,” என்றாள். “மீனுக்கு ஐஸ் போடு, ரொசாலி.”

ரொசாலி அசையவில்லை. அமலோற்பவமே எழுந்துபோய்ப் போட்டாள்.